தாமிரபரணிக் கரையிலிருந்து குளிர்கடல் இறாலின் மரபணுவைப் படிப்பது எப்படி

பாளையங்கோட்டையில் உள்ள ஏதாவது ஓர் ஆய்வகத்தில், பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பல நகல்களாகப் பெருக்கும் முறை) முடிந்த மாதிரியை வரிசையறிதலுக்கு, அதாவது எழுத்து எழுத்தாகப் படிப்பதற்கு, அனுப்புமுன் மாணவர் ஒருவர் அதில் இரண்டு மைக்ரோலிட்டர் நொதிக்கலவையைச் சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில் 15 நிமிடமும் 80 டிகிரியில் 15 நிமிடமும் வைப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தக் கலவையில் உள்ள இரண்டு நொதிகளில் ஒன்றான, பாஸ்பேட்டைக் கழற்றும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், வட அட்லாண்டிக்கிலும் ஆர்க்டிக்கை ஒட்டிய கடல்களிலும் வாழும் பாண்டாலஸ் போரியாலிஸ் என்னும் இறாலில் கண்டறியப்பட்டது. கன்றின் குடலிலிருந்து எடுக்கும் இதே வகை நொதி சூட்டுக்கு எளிதில் அடங்குவதில்லை. குளிர்நீர் இறாலின் நொதியோ 65 டிகிரியில் சில நிமிடங்களிலேயே நிரந்தரமாகச் செயலிழந்து, அடுத்த வினைக்குத் தொந்தரவு தராமல் ஒதுங்கிவிடுகிறது. குளிர்நீர் ஓட்டுடலிகளின் (இறால், நண்டு போன்றவற்றின்) மரபியலை மருத்துவ ஆய்வுக்காகப் படிக்க விரும்புகிறவர் முதலில் இந்த ஒரு பண்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: குளிரில் வேலை செய்வதற்காக நெகிழ்வாக அமைந்த புரதம் சூட்டில் சீக்கிரம் குலைகிறது. அந்தக் குலைவுதான் நமக்குப் பயன்.

ஆகவே விலங்கைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். "கிரிலின் மரபணுக்களை ஆராய்தல்" என்பது ஆய்வுத் தலைப்பாகாது. இறாலைப் போன்ற சிறு ஓட்டுடலியான அண்டார்டிக் கிரிலின் மரபணுத்தொகை 2023இல் வெளியானபோது அது சுமார் 4,800 கோடி எழுத்துகள் நீளம், அதாவது மனித மரபணுத்தொகையைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல், என்று தெரிந்தது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். நமது கல்லூரிக் கணினியில் அதைத் திறக்க முயல்வது தாமிரபரணியைச் செம்பில் மொள்ளுகிற வேலை. ஒரே ஒரு மரபணுக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்பட்டேஸ் ஒரு வழி. அதே பாண்டாலஸ் இறாலில் கிடைத்த, ஈரிழை டி.என்.ஏ.வை மட்டும் வெட்டும் நொதி இன்னொரு வழி. பி.சி.ஆர். வேதிப்பொருள்களில் கலந்திருக்கும் அந்நிய டி.என்.ஏ.வை அழித்து, ஓரிழையாக உள்ள பிரைமர்களை (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகளை) ஏறக்குறைய விட்டுவிடுவதால், நோய்க்கிருமிப் பரிசோதனையில் பொய்யான 'உண்டு' என்ற முடிவைக் குறைக்க அது உதவுகிறது. கம்சட்கா ராட்சத நண்டின் செரிமானச் சுரப்பியிலும் ஈரிழையை வெட்டும் நொதி உண்டு. ஆனால் அது சூடு தாங்குவது. குளிர்நீர் உயிரியின் எல்லாப் புரதமும் சூட்டில் குலைந்துவிடும் என்று எழுதிவிடாதிருக்க இந்த நண்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. குதிரைலாட நண்டையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். பெயரில் நண்டு இருந்தாலும் அது ஓட்டுடலி அல்ல, சிலந்தி இனத்துக்கு நெருங்கியது.

இனி ஒப்பீடு. பெரும்பாலான மாணவர் திட்டங்கள் இங்கேதான் சறுக்குகின்றன என்பது என் கருத்து. குளிர்நீர்ப் புரதத்தின் சிறப்பைக் காட்ட வேண்டுமென்றால், வெதுவெதுப்பான நீரில் வாழும் நெருங்கிய உறவினத்தின் அதே புரதத்தோடு அதை ஒப்பிட வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதற்காகப் பண்ணைகளில் வளர்க்கும் வன்னாமி இறாலை எடுத்துக்கொண்டால், அதுவும் பாண்டாலஸும் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த இரு கிளைகள் என்பதால், நீங்கள் காணும் வேறுபாடு குளிரால் வந்ததா கிளை பிரிந்ததால் வந்ததா என்று சொல்ல முடியாது. தாமிரபரணியில் கிடைக்கும் ஆற்று இறாலான மேக்ரோபிராக்கியம், பாண்டாலஸ் சேர்ந்திருக்கும் கரிடியா என்ற அதே உட்பிரிவைச் சேர்ந்தது. இதை உறுதிசெய்ய நுண்ணோக்கி வேண்டியதில்லை. இறாலைப் பக்கவாட்டில் படுக்க வைத்து வயிற்று வளையங்களைப் பாருங்கள்: இரண்டாம் வளையத்தின் பக்கத்தகடு அகன்று, முன்னுள்ள முதல் வளையத்தின் மேலும் பின்னுள்ள மூன்றாம் வளையத்தின் மேலும் படிந்திருந்தால் அது கரிடியா. வன்னாமியிலோ ஒவ்வொரு தகடும் ஓடு வேய்ந்தாற்போல அடுத்ததன் மேல் மட்டும் படிந்திருக்கும். கரிடியாப் பெண் இறால் முட்டைகளை வயிற்றின் கீழ் சுமந்து திரியும். வன்னாமி அவற்றை நீரில் விட்டுவிடும்.

இதைவிட நெருங்கிய உறவு தூத்துக்குடிக்கு அப்பால் ஆழக்கடலில் இருக்கிறது. ஹெட்டிரோகார்ப்பஸ், பிளெசியோனிகா என்னும் ஆழ்கடல் இறால்கள் பாண்டாலஸின் குடும்பத்தையே சேர்ந்தவை. முந்நூறு, நானூறு மீட்டர் ஆழத்தில் நீரின் வெப்பம் பத்துப் பன்னிரண்டு டிகிரி அளவில்தான் இருக்கும். மேலே வெயில் கொளுத்தும் கடலுக்கு அடியிலேயே குளிர்ந்த நீர் இருப்பதால், வடகடல் இறால், நமது ஆழ்கடல் இறால், ஆற்று இறால் என்று மூன்று வெப்பநிலைகளில் ஒரே உட்பிரிவைச் சேர்ந்த மூன்று உயிர்கள் உங்களுக்குக் கிடைக்கின்றன. மீன்பிடித் துறைமுகத்தில் இந்தச் சிவந்த இறாலை வாங்கும்போது விலையை மட்டும் கேட்காமல், எத்தனை பாகத்தில் வலை இழுத்தார்கள், இழுத்து எத்தனை மணி நேரமாயிற்று, கறுக்காமலிருக்க மருந்து ஏதும் போட்டார்களா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகளைச் சுற்றி மாதிரி எடுக்கக் கூடாது. மாதிரியையோ அதன் டி.என்.ஏ.வையோ வெளிநாட்டுக் கூட்டாளிக்கு அனுப்ப எண்ணினால், 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.

டி.என்.ஏ.வுக்கு வயிற்றுத் தசையிலிருந்து மொச்சைக்கொட்டை அளவு துண்டு போதும். அதை 95 விழுக்காட்டுக்குக் குறையாத எத்தனாலில், திசுவைப் போல் ஐந்து மடங்காவது திரவம் இருக்கும்படி போட்டு, மறுநாள் அந்த எத்தனாலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். திசுவிலிருந்து ஊறும் நீர் முதல் எத்தனாலை நீர்க்கச் செய்துவிடும். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம். கல்லூரி அருங்காட்சியக ஜாடியில் இருந்த பழைய மாதிரிகளை நம்பி நான் ஒரு பருவம் முழுவதையும் வீணாக்கியிருக்கிறேன். ஆர்.என்.ஏ. வேண்டுமென்றால் சிக்கல் கூடும். நாம் தேடும் செரிமான நொதிகள் தலைப்பகுதியில் உள்ள பழுப்பு நிறச் சுரப்பியில்தான் மிகுதியாக உருவாகின்றன. இறால் செத்தவுடன் அங்குள்ள பிற செரிமான நொதிகள் அந்தச் சுரப்பியின் ஆர்.என்.ஏ.வைத் தின்னத் தொடங்குகின்றன. ஏலக்கூடத்து இறாலில் அது மிஞ்சியிருக்காது. ஆற்று இறாலை உயிரோடு கொண்டுவந்து, பனிக்கட்டியில் மயங்க வைத்து, சுரப்பியை ஐந்து மில்லிமீட்டருக்கு மேற்படாத துண்டுகளாக உடனே ஆர்.என்.ஏ. காப்புக் கரைசலில் போடுவதே வழி. பாண்டாலஸுக்கு மாதிரி தேடி அலைய வேண்டாம். பொதுத் தரவுத்தளங்களான ஜென்பேங்க், எஸ்.ஆர்.ஏ. ஆகியவற்றில் அதன் வரிசைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தேடும்போது டி.என்.ஏ. எழுத்துகளை விட்டுப் புரத வரிசையைக் கொடுத்துத் தேடினால் தூரத்து உறவுகளும் அகப்படும்.

இனத்தை உறுதிசெய்ய, செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்டிரியாவின் சி.ஓ.ஐ. மரபணுவைப் பெருக்குவது வழக்கம். ஓட்டுடலிகளில் அந்த மரபணுவின் செத்த நகல்கள் உட்கருவிலும் ஒளிந்திருப்பது உண்டு. அவை பெருகி வந்தால் இனமே மாறித் தெரியும். கிடைத்த வரிசையை முதுகெலும்பற்றவற்றின் மைட்டோகாண்டிரியக் குறியீட்டில், அதாவது ஐந்தாம் எண் அட்டவணையில், மொழிபெயர்த்துப் பாருங்கள். நடுவில் புரதம் முடிவதைக் காட்டும் நிறுத்தக் குறி வந்தாலோ, மூன்றின் மடங்காக இல்லாத இடைவெளி விழுந்தாலோ அந்த வரிசையை ஒதுக்கிவிட வேண்டும்.

அமினோ அமில ஒப்பீட்டில் குளிர்நீர்ப் புரதங்களின் வளைவுகளில் புரோலின் குறைந்தும் கிளைசின் கூடியும் இருப்பதைப் பல சமயம் காணலாம். இது போக்கே தவிர விதி அல்ல. கணினி காட்டும் வேறுபாட்டைச் சோதனைக்குழாயில் நிறுவினால்தான் மருத்துவத் துறையினர் காதுகொடுப்பார்கள். பாஸ்பட்டேஸ் மரபணுவை ஈஸ்ட்டில் வெளிப்படுத்தி, பாரா நைட்ரோஃபினைல் பாஸ்பேட்டைக் கொடுத்து, உண்டாகும் மஞ்சள் நிறத்தை 405 நானோமீட்டரில் அளக்க வேண்டும். இந்த நொதி உலோக அயனிகளை நம்பியிருப்பதால், அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. உள்ள கரைசலில் மாதிரியைக் கரைத்துவைத்தால் வினை மங்கிவிடும். 4, 15, 25, 37 டிகிரிகளில் வேகத்தையும், 65 டிகிரியில் நிமிடத்துக்கு நிமிடம் எஞ்சும் செயலையும் தனித்தனியே அளவிடுங்கள். நார்வேயில் எழுதிய செய்முறைக் குறிப்பில் 'அறை வெப்பநிலை' என்று இருந்தால் அது இருபது டிகிரியை ஒட்டியது. சித்திரை மாதப் பகலில் திருநெல்வேலி அறை முப்பத்தைந்தைத் தாண்டும். குளிர்நீர் நொதிக்கு இந்தப் பதினைந்து டிகிரி பெரிய தூரம். குறிப்பேட்டில் அந்தச் சொல்லை எழுதாமல், மேசைமீதுள்ள வெப்பமானி காட்டும் எண்ணை எழுதுங்கள்.

வரிசையைத் தரவுத்தளத்தில் பதிவேற்றும்போது, பிடித்த நாள், ஆழம், பாதுகாத்த முறை ஆகியவற்றோடு இடத்தையும் குறிப்பிட வேண்டும். தாமிரபரணியின் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள் என்பதால் பெயரோடு அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் சேர்த்துவிடுங்கள். பின்னால் தேடுகிறவர் அந்த எண்களை வைத்துத்தான் உங்கள் ஆற்று இறாலைக் கண்டுபிடிப்பார்.