ஆவணியில் பண்ணைப் பாலத்துக்கு அப்பால்: பறவையும் வண்ணத்துப்பூச்சியும் பார்க்க ஒரு காலை

ஓகஸ்ட் விடுமுறையில் யாழ்ப்பாணம் வருவோர் பூநாரைக் கூட்டத்தை நம்பிப் புறப்பட்டால் பெரும்பாலும் ஏமாற்றந்தான். அது மாரிக்குப் பிந்திய காட்சி. ஆவணிக்கு வேறு விருந்தாளிகள்.

காலை 5.30க்கு நகரிலிருந்து ஓட்டோ பிடியுங்கள். பண்ணைப் பாலத்தால் மேற்கே வேலணைப் பக்கம் போகையில் வெயில் முதுகில் விழும். முன்னால் நிற்பவற்றின் நிறம் தெளிவாகத் தெரியும். பின்னேரம் போனால் எல்லாம் கறுப்பு உருவந்தான். வாடகையைத் தூரத்துக்குப் பேசாமல் 10 மணிவரை என்று நேரத்துக்குப் பேசுங்கள். இல்லையேல் இரண்டாவது நிறுத்தத்திலேயே ஓட்டோக்காரரின் முகம் மாறும்.

கோடையில் கடனீரேரி வற்றி, நீர் தூரப் போயிருக்கும். கிட்டப் போகலாமென்று சேற்றில் இறங்காதீர்கள்: மேலே உப்புப் பொருக்கு காய்ந்திருந்தாலும் கீழே கால் புதையும். வீதியோரத்தில் ஓட்டோவையே மறைப்பாக வைத்துப் பாருங்கள். நெடுங்கால் உள்ளான், கரண்டிவாயன், மஞ்சள்மூக்கு நாரை இவ்விடத்தவை. மாதக் கடைசியில் வடதுருவப் பக்கமிருந்து சிறு உள்ளான்கள் வந்திறங்கத் தொடங்கும். சிலவற்றின் வயிற்றில் இனப்பெருக்க காலத்துச் செங்கல் நிறத் திட்டு இன்னும் மிச்சமிருக்கும். குளிர்காலச் சாம்பல் நிறத்தைப் படத்தில் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். சோளகக் காற்றில் கை ஆடுவதால் 10 மடங்கு பைனாகுலரைவிட 8 மடங்கே உதவும்.

கடற்படைக் காவலரண்களின் பக்கம் கெமராவைத் திருப்பவேண்டாம். ட்ரோனுக்கு முன்அனுமதி வேண்டும்.

எட்டரைக்குப் பிறகு வண்ணத்துப்பூச்சி. வெட்டைவெளியில் தேடிப் பயனில்லை. வேலியின் காற்றுப்படாத வடகிழக்குப் புறமும், கிணற்றடித் தண்ணீர் ஓடும் வாழைப்பாத்தியும்தான் இடம். எருக்கலையில் வெந்தய வரியனின் புழு இருக்கும். தேசி இலையில் பறவை எச்சம்போல ஒன்று ஒட்டியிருந்தால் தட்டிவிடாதீர்கள். எலுமிச்சை அழகியின் இளம்புழுவாக இருக்கலாம். வற்றிய குளத்தோரத்துக் காய்ந்த தேள்கொடுக்குச் செடியில் நீல வரியன் ஆண்கள் மொய்ப்பதுண்டு. பெட்டையைக் கவரும் வாசனைக்கு வேண்டிய சத்தை அதிலிருந்துதான் உறிஞ்சுகின்றன.

கறுப்புச் சிறகில் சிவப்புப் புள்ளியோடு ஒன்று வந்தால் சிறகை விட்டு உடலைப் பாருங்கள். உடல் சிவப்பென்றால் சிவப்புடல் அழகி. உடல் கறுப்பென்றால் அதன் வேடம் போட்ட கறிவேப்பிலை அழகியின் பெட்டை. முன்னதில் நஞ்சு உண்டு, பின்னதில் இல்லை.

பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் பூச்சி எதையும் பிடித்துப் பெட்டியில் வைக்கவேண்டாம். யால பூங்காவில் பூச்சி பிடித்த இத்தாலியர் இருவருக்கு 2024இல் விதிக்கப்பட்ட தண்டம் 6 கோடி ரூபாய்.