சட்டத்தறியிலும் கம்பளி ஃபெல்ட்டிலும் சுருக்கத்தைக் கணக்கிடுவது எப்படி?

நாகர்கோவில் வடசேரித் தெருக்களில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள்கூட, குழித்தறி இல்லாமல் சாப்பாட்டு மேசையில் வைத்தே நெய்யலாம் என்றால் எளிதில் நம்புவதில்லை. ஒரு மரச்சட்டமும் இரண்டு வரிசை ஆணியும் போதும். நெய்வதானாலும் கம்பளியை ஃபெல்ட் (நெய்யாமல் இழைகளை இறுக்கிப் பிணைத்த கம்பளித் தாள்) ஆக்குவதானாலும் கை பழகுவதைவிட முக்கியமானது, கடைசியில் எவ்வளவு சுருங்கும் என்பதை முதலிலேயே அறிந்து வைத்திருப்பது.

சட்டத்தின் உட்புறம் 30-க்கு 40 செ.மீ. இருந்தால் ஒரு மேசை விரிப்புக்குச் சரியாக இருக்கும். பழைய சன்னலில் கழற்றிய அயினி மரச் சட்டம் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்குவப்படுத்தாத ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் விரைவில் உளுத்துவிடும். 30 செ.மீ. பக்கங்கள் இரண்டிலும் 1 செ.மீ. இடைவெளியில் பித்தளை ஆணி அடியுங்கள். கடற்காற்று வீசும் ஊர்களில் இரும்பாணி ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துப் பாவு நூலில் (நீளவாட்டில் ஓடும் நூல்) கறை ஏற்றிவிடும்.

பாவுக்கு நன்றாக முறுக்கிய தடித்த பருத்தி நூல் வேண்டும். புது நூலைக் கழியாகவே (நூற்சுருளாகவே) வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து உலர்த்திய பிறகு சட்டத்தில் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே விரிப்பு நெளிந்துவிடும். ஊடைக்கு, அதாவது குறுக்கே ஓடும் இழைக்கு, பழைய வேட்டியையோ தோளில் போடும் நேரியலையோ ஒன்றரை செ.மீ. அகலக் கீற்றுகளாகக் கிழித்துக்கொள்ளலாம். பல வருடம் துவைத்த துணி சுருங்க வேண்டியதையெல்லாம் முன்பே சுருங்கியிருக்கும் என்பது அதன் பெரிய வசதி. பூக்கட்டும் வாழைநாரையும் நடுநடுவே சேர்க்கலாம். அதை நனைத்துத்தான் நெய்ய வேண்டும், காய்ந்த நார் மடிப்பில் ஒடியும்.

மூலை ஆணியில் முடிச்சிட்டு மேலும் கீழுமாகப் பாவை ஓட்டுங்கள். எல்லா இழைகளும் ஒரே விறைப்பில் இருக்கிறதா என்பதை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓர் அடி ஸ்கேலை இழை விட்டு இழை நுழைத்து நிமிர்த்தினால் ஒரு வரிசைக்கு வழி திறக்கும். அடுத்த வரிசையைக் கோணி ஊசியால் கோத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெரும்பாலோர் தவறுவது ஊடையை இழுப்பதில்தான். கீற்றை நேர்க்கோடாக இழுத்து அடித்தால், அது பாவு இழைகளுக்கு மேலும் கீழும் வளைந்து செல்வதற்கு நீளம் போதாமல் ஓர இழைகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். என்னுடைய முதல் விரிப்பு உடுக்கை போல இடுப்புச் சிறுத்து வந்தது இதனால்தான். ஊடையை நுழைத்ததும் நடுவில் 4 அல்லது 5 செ.மீ. உயரத்துக்கு மலைமுகடு போலத் தளர்வாக விட்டு, பிறகு முள்கரண்டியால் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கித் தட்டி இறக்குங்கள். 5 செ.மீ. நெய்வதற்கு ஒருமுறை அகலத்தை அளந்துகொள்ளுங்கள். குறைந்திருந்தால் தயங்காமல் பிரித்துவிடுங்கள்.

ஃபெல்ட்டில் கதை நேர்மாறானது, அங்கே சுருங்குவதுதான் வேலையே. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு; வெந்நீரும் சோப்பும் உரசலும் சேரும்போது இழைகள் நகர்ந்து, செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு பிரிக்க முடியாத தாளாகின்றன. பருத்திக்கு இந்தக் குணம் இல்லை. வாஷிங் மெஷினில் போடலாம் என்று விற்கப்படும் கம்பளியும் உதவாது, ஏனெனில் அதன் செதில்கள் செயலற்றுப் போகும்படி அது பதப்படுத்தப்பட்டிருக்கும். தென்மாவட்டத்து வேம்பூர், கீழக்கரிசல் ஆடுகளுக்கு உள்ளது மயிர்தான்; ஆகவே நீலகிரி ஆட்டின் கம்பளியையோ மெரினோவையோ வாரிச் சீராக்கிய நிலையில் வாங்க வேண்டும்.

முதலில் 10 செ.மீ. சதுரத்தில் ஒரு மாதிரி செய்து பாருங்கள். அது 7 செ.மீ. ஆகச் சுருங்கினால், 20 செ.மீ. பாத்திரத் தாங்கிக்கு 20-ஐ 0.7-ஆல் வகுத்து ஏறத்தாழ 29 செ.மீ. சதுரமாகக் கம்பளி பரப்ப வேண்டும். மெல்லிய கொத்துகளாக உருவி, ஓட்டுக்கூரையில் ஓடு வேய்வதுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி அடுக்குங்கள். அடுத்த அடுக்கு குறுக்குவாட்டில் வரட்டும். நான்கு அடுக்குக்கு எனக்கு 30 முதல் 35 கிராம் வரை பிடிக்கிறது.

மேலே கொசுவலைத் துண்டை விரித்து, கை பொறுக்கும் சூட்டில் சோப்புநீர் தெளித்து, காற்றுக் குமிழ் போகும்வரை அழுத்துங்கள். இந்தக் கட்டத்தில் தேய்த்தால் இழை கலைந்துவிடும். நம் பக்கத்துத் தேங்காயெண்ணெய் சோப்பே இதற்குப் போதும். பத்து நிமிடம் மெதுவாக வட்டமிட்டுத் தடவிய பின் வலையை எடுத்துவிட்டு மேற்பரப்பைக் கிள்ளிப் பாருங்கள். தனி இழை எழும்பினால் இன்னும் தடவ வேண்டும். தாள் முழுவதும் சேர்ந்து எழும்பினால் கோரைப்பாய்த் துண்டில் வைத்துச் சுருட்டி உருட்டலாம். உருட்டும் திசையில்தான் அதிகம் சுருங்கும் என்பதால், 100 தடவைக்கு ஒருமுறை தாளைக் கால்வட்டம் திருப்பி வையுங்கள். 20 செ.மீ. ஆனதும் நிறுத்திவிட்டு அலசி, கடைசி நீரில் ஒரு கரண்டி வினிகர் சேர்த்து சோப்பின் காரத்தை முறியுங்கள்.

இரண்டு பருவமழையும் பெய்யும் இந்த மாவட்டத்தில் ஜூன் முதல் டிசம்பர் வரை உலர்த்துவதே தொல்லை. துண்டில் சுருட்டி மிதித்து ஈரத்தை எடுத்த பின், மின்விசிறிக்கு அடியில் கம்பி வலைமேல் பரப்பி, காலையும் மாலையும் புரட்டிப் போடுங்கள். தொடும்போது குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் அலமாரிக்குள் வைத்தால் பூசணம் பிடித்துவிடும்.