பழைய படத்தில் இத்தாலியக் கப்பல் பீரங்கி எது?

இரண்டாம் உலகப் போர்க் காலத்து இத்தாலியக் கப்பல் படம் கிடைத்தால் குழலின் நீளத்தை அளக்கப் போகாதீர்கள். சுழலும் கவசக் கூண்டுகளைப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை குழல் என்று எண்ணுங்கள்.

முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, எல்லாமே மூன்று குழல் என்றால் லிட்டோரியோ வகைப் பெரும் போர்க்கப்பல், குழலின் உள்விட்டம் 381 மில்லிமீட்டர். கீழ்க்கூண்டில் மூன்று, மேலே இரண்டு, பின்புறமும் அப்படியே என்றால் திருத்திக் கட்டிய காவூர் அல்லது துயிலியோ வகைப் போர்க்கப்பல்; 320 மில்லிமீட்டர். பழைய 305 மில்லிமீட்டர் குழலையே குடைந்து அகலமாக்கியது அது. கப்பலின் நடுவிலும் ஒரு கூண்டு தெரிகிறதா? அப்படியானால் திருத்துவதற்கு முந்தைய படம். ஆனால் அப்ருட்ஸி என்ற குரூஸரிலும் (பெரும் போர்க்கப்பலைவிடச் சிறிய வகை) இதே மூன்று-இரண்டு அடுக்குதான், பீரங்கி மட்டும் 152 மில்லிமீட்டர். பக்கத்தில் நிற்கும் மாலுமியின் உயரத்தோடு ஒப்பிட்டால் குழப்பம் தீரும்.

இரட்டைக் குழல்கள் ஒட்டினாற்போல நெருங்கி நிற்கின்றனவா? ஸாரா, ட்ரென்டோ போன்ற குரூஸர்களின் 203 மில்லிமீட்டர் அப்படித்தான் இருக்கும். இரண்டையும் ஒரே தாங்கியில் பொருத்தியிருந்தார்கள். இடம் மிச்சம்தான், ஆனால் குண்டுகள் சிதறி விழுந்தன. பிரிட்டிஷ் குரூஸர்களில் இடைவெளி நன்றாகவே தெரியும்.

அப்புறம், முன்தளத்தில் சிவப்பு-வெள்ளைச் சாய்கோடுகள் இருந்தால் படம் 1940 ஜூலைக்குப் பிந்தையது. பிரிட்டிஷ் கடற்படையோடு நடந்த புன்டா ஸ்டீலோ சண்டையில் இத்தாலியின் சொந்த விமானங்களே குண்டு போட்ட பிறகு பூசியது அது.