சட்டப் படிப்பு தனித்து நிற்க என்ன செய்யலாம்: டர்பனிலிருந்து ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் நான்காண்டு எல்.எல்.பி. பட்டம் 1998-இல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தச் சட்டமும் குற்றவியல் சட்டமும் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. "தரமான கல்வி, தேர்ந்த ஆசிரியர்கள்" என்ற வாசகமும் எல்லாக் கையேடுகளிலும் உண்டு. எனவே தனித்து நிற்க விரும்பும் சட்டத்துறை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, இந்த ஊரில் இருப்பதாலேயே நன்றாகக் கற்பிக்கக்கூடிய சட்டம் எது என்பதுதான்.

டர்பனில் ஒரு விடை துறைமுகத்தில் இருக்கிறது. கடன்பட்ட கப்பல் கைக்கு எட்டாவிட்டால், அதே ஆட்களின் கட்டுப்பாட்டில் உள்ள இன்னொரு நிறுவனத்தின் கப்பலைத் தடுத்துவைக்க 1983-ஆம் ஆண்டின் கடல்சார் சட்டம் இடமளிக்கிறது. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் இத்துறையில் முதுநிலைப் படிப்பு நடத்துகிறது. இளநிலை மாணவர்களும் அத்தகைய மனுவை எழுதிப் பழக வேண்டும்.

இதைவிட வளமானதும், என் கருத்தில் மிகவும் புறக்கணிக்கப்பட்டதும், நம் வீடுகளைத் தொடும் சட்டம். கோயிலில் தாலி கட்டி, அரசுப் பதிவு செய்யாமல் வாழ்ந்த தம்பதியரில் கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால், மனைவிக்கு என்ன உரிமை? கோவெண்டர் எதிர் ராகவையா வழக்கில் டர்பன் உயர் நீதிமன்றம் 2008-இல் அப்படிப்பட்ட மனைவியை வாரிசுரிமைக்குரிய வாழ்க்கைத்துணையாக ஏற்றது. மூக்குத்தி அணிந்த தமிழ் மாணவிக்குப் பள்ளியின் நகை விதியிலிருந்து விலக்கு அளிக்க மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2007-இல் பிள்ளை வழக்கில் தீர்ப்பளித்தது. இவற்றை, ஆப்பிரிக்கச் சமூகங்களின் வழக்காற்றுத் திருமணங்களை அங்கீகரிக்கும் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு சேர்த்து ஒரு பருவப் பாடமாக வைத்தால், ஜூலு மாணவரும் தமிழ் மாணவரும் தத்தம் குடும்பங்களில் கண்டதை வகுப்பில் சட்டமாக விவாதிப்பார்கள். தமிழ் உள்ளிட்ட சமூக மொழிகளை வளர்க்கவும் மதிக்கவும் வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 6-ஆம் பிரிவே சொல்வதால், கட்சிக்காரரிடம் அவருடைய மொழியில் விவரம் கேட்டறியும் பயிற்சியும் இப்பாடத்தில் இடம்பெறுவது முறை.

அடுத்தது சட்ட உதவி மையம். அது பெயரளவில் இருந்தால் பயனில்லை. சாட்ஸ்வொர்த்தில் ஒரு பாட்டியின் வீடு இன்னும் காலஞ்சென்ற கணவரின் பெயரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மரணச் சான்றிதழையும் வாரிசுகளின் விவரங்களையும் திரட்டி, மொத்தச் சொத்து மதிப்பு 2,50,000 ராண்டைத் தாண்டாததால், சொத்தை நிர்வகிக்க ஒருவருக்கு அனுமதி தரும் எளிய ஆவணமான அதிகாரக் கடிதமே போதுமா என்று கணித்து, இறந்தோரின் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் மனுவைச் சேர்க்கும் வரை ஒரே மாணவர், மேற்பார்வை வழக்கறிஞரின் துணையோடு அந்தக் கோப்பைக் கையாள வேண்டும். அந்த உழைப்புக்கு மதிப்பெண்ணும் தர வேண்டும்.

புகழ்பெற்ற முன்னாள் மாணவர்களின் படத்தை மாட்டினால் மட்டும் போதாது. நேட்டால் பல்கலைக்கழகத்தில் படித்து, 1967-இல் வழக்கறிஞர் அலுவலகம் தொடங்கிய நவி பிள்ளை, ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தின் நீதிபதிகளில் ஒருவராக 1998-இல் வழங்கிய அகாயெசு தீர்ப்பு, பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று நிறுவியது. அதை முதலாண்டிலேயே படிக்கக் கொடுங்கள்.

கடைசியாக, பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி, பட்டம் பெற்றபின் பயிற்சி வழக்கறிஞர் இடம் கிடைக்குமா என்பது. எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதை, எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், ஆண்டுதோறும் சேர்க்கைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.