நிகோடின் சூயிங்கம்மை மெல்லும் முறை

சிகரெட்டை விட முயல்பவர்கள் பலர், நிகோடின் சூயிங்கம் வாங்கி ரெண்டு நாள் மென்றுவிட்டு, "விக்கல்தான் வருது, நெஞ்சு எரியுது" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மென்றால் அப்படித்தான் ஆகும், ஏனென்றால் நிகோடின் உமிழ்நீரோடு வயிற்றுக்குப் போய்விடுகிறது, அது சேர வேண்டியது கன்னத்தின் உள்தோல் வழியாக. மெதுவாக மெல்லுங்கள், காரமோ சுருக்கென்ற உணர்வோ வந்ததும் நிறுத்தி கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள், அது அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள், ஒரு கம் சுமார் அரை மணி நேரம் தாங்கும். முக்கியமாக, மெல்வதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே டீ, காபி, ஜூஸ் வேண்டாம், மெல்லும்போதும் வேண்டாம், அவற்றின் அமிலத்தன்மை நிகோடினை ஏற விடாது. டீயும் சிகரெட்டுமாகப் பழகியவர்களுக்கு இது கஷ்டம்தான், தெரியும், ஆனால் இங்கேதான் நிறைய பேருக்குச் சறுக்குகிறது. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் தேடுபவர் என்றால் 2 மில்லிகிராம் நிகோடின் உள்ள கம் போதாமல் போகலாம், 4 மில்லிகிராம் கம் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கேட்காமல் தொடங்க வேண்டாம். அப்புறம், சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356, புகையிலையை விட உதவும் இலவச எண்தான், கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.