காஷ்மீரிலிருந்து கெட்ட செய்தி வந்தால் வீட்டில் என்ன செய்வது

அண்ணன் சி.ஆர்.பி.எஃப்.பில் இருக்கிறான், இப்போது ஸ்ரீநகரில். அங்கே அரசுக் கட்டடம் எதையாவது தாக்கிவிட்டார்கள் என்று டிவியில் ஓடினால், தக்கலையில் எங்கள் அடுப்பில் மரச்சீனி கரிந்துவிடும்.

முதலில், அடுப்பை அணையுங்கள். போன் மேல் போன் போடாதீர்கள். "பத்திரமா?" என்று ஒரே ஒரு எஸ்.எம்.எஸ். போதும், லைன் கிடைக்காத நேரத்திலும் அது பல தடவை போய்ச் சேர்ந்துவிடும். போனைச் சார்ஜில் போட்டு, ஒருவர் கையில் மட்டும் கொடுங்கள். எங்கள் வீட்டில் அது அண்ணி. அம்மாவிடம் கொடுத்தால் அழுதே லைனை அடைத்துவிடுவாள்.

அப்புறம், முதல் செய்தியை அப்படியே நம்ப வேண்டாம். 2001 அக்டோபர் 1 அன்று ஸ்ரீநகர் சட்டமன்ற வாசலில் வண்டிக் குண்டு வெடித்தது, துப்பாக்கியோடு உள்ளே புகுந்தார்கள், 30 பேருக்கு மேல் இறந்தார்கள். முதலில் பொறுப்பேற்ற ஜெய்ஷ்-இ-முகமது என்ற தீவிரவாத அமைப்பு பிறகு மறுத்தது. யார் செய்தார்கள் என்பதே இப்படி மாறும்போது, சித்தப்பா அனுப்பும் வாட்ஸ்அப் ஆடியோவை எப்படி நம்புவது?

அண்ணன் எந்த முகாம், எந்த வாசலில் டூட்டி என்று எங்கும் எழுதாதீர்கள். மோதல் நடக்கும்போது நேரலை காட்டக் கூடாது என்று 2015 முதல் கேபிள் டிவிக்கே விதி இருக்கிறது. நமக்கு வேண்டாமா?

போன தடவை சாயங்காலம்தான் பதில் வந்தது: "சாப்ட்டேன். அம்மைய டிவிய அணைக்கச் சொல்லு."