ரிலேயா, டிரான்சிஸ்டரா? சோலனாய்டு வால்வு விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவைப் பக்கம் ஒரு மசாலாப் பொடி பேக்கிங் மெஷின். பவுச்சை வெட்டும் சிலிண்டர் ஒரு நாள் முன்னே போனது, திரும்பி வரவில்லை. பிஎல்சியில் (மெஷினை இயக்கும் சின்னக் கணினி) அந்த அவுட்புட்டின் எல்இடி அணைந்திருக்கிறது. சிலிண்டருக்குக் காற்று விடும் சோலனாய்டு வால்வின் (காயிலில் கரண்ட் போனால் இயங்கும் வால்வு) பிளக்கில் மட்டும் விளக்கு எரிகிறது. கார்டைக் கழற்றி, உள்ளே இருந்த குட்டி ரிலேயின் (காந்தத்தால் காண்டாக்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) மூடியைப் பிளேடால் கீறித் திறந்தேன். காண்டாக்ட் இரண்டும் கருகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. மெஷின் ஓட ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த பிஎல்சியைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

அன்றைக்கு என் கணக்கு இப்படி இருந்தது: ரிலே அவுட்புட் 2 ஆம்ப் தாங்கும், டிரான்சிஸ்டர் (அசையும் பாகமே இல்லாத மின்னணு ஸ்விட்ச்) 0.5 ஆம்ப்தான் தாங்கும், ஆகவே ரிலேதான் கெட்டி. பலரும் முதலில் சறுக்குவது இங்கேதான். 24 வோல்ட், 4.8 வாட் காயில் இழுப்பது வெறும் 0.2 ஆம்ப். சந்தேகமென்றால் காயிலை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள், 120 ஓம் பக்கம் காட்டும். சின்ன நியூமாட்டிக் (காற்றழுத்த) வால்வுகளில் 1 வாட்டுக்கும் குறைவாக எடுப்பவை நிறைய இருக்கின்றன. அவற்றுக்கு 0.5 ஆம்பே தாராளம்.

நான் பார்த்திருக்க வேண்டியது ஆம்பை அல்ல, அந்த வால்வு ஒரு நாளைக்கு எத்தனை தடவை அடிக்கிறது என்பதை. நிமிடத்துக்கு 50 பவுச், இரண்டு ஷிப்ட் என்றால் 16 மணி நேரம். நாளைக்கு 48,000 தடவை. சீமென்ஸ் எஸ்7-1200 பிஎல்சியின் கையேட்டை எடுத்துக்கொண்டால், ரிலே காண்டாக்டுக்கு முழு லோடில் 1 லட்சம் தடவை என்று போட்டிருக்கும். லோடே இல்லாமல் வெறுமனே திறந்து மூடினால் 1 கோடி. முழு லோடு கணக்கில் 1 லட்சம் என்பது இரண்டு நாள் சமாச்சாரம்! நம் காயில் சின்னது என்பதால் அந்த ரிலே 28 லட்சத்துச் சொச்சம் தாக்குப்பிடித்தது. உண்மையில் பாவம், நன்றாகவே உழைத்திருக்கிறது.

ரிலேயில் எழுதியிருக்கும் ஆம்பை அப்படியே நம்பவும் கூடாது. அது பெரும்பாலும் ஹீட்டர் மாதிரியான லோடுக்குச் சொன்னது. காயில் வேறு ஜாதி. காண்டாக்ட் திறக்கும் நொடியில் காயில் தன் கரண்டை விட மறுக்கும். இடைவெளியில் பொறி பறக்கும். ஏசியில் 50 ஹெர்ட்ஸ் என்றால் கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே அணைந்துவிடும். டிசியில் அந்தக் கொடுப்பினை கிடையாது. 230 வோல்ட் ஏசிக்கே தாங்குகிற ரிலே 24 வோல்ட் டிசிக்குத் தாங்காதா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சரி, டிரான்சிஸ்டர் போட்டால் கவலை விட்டதா? டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) இல்லாமல் போட்டால் அதுவும் போகும். காயில் அணையும்போது தலைகீழாக எழும் வோல்டேஜ் சில நூறு வோல்ட் வரை போகக்கூடும். பல கார்டுகளில் உள்ளேயே ஒரு தடுப்பு இருக்கிறது, ஆனால் நிமிடத்துக்கு 50 அடி அடிக்கிற வால்வுக்கு அதை மட்டும் நம்ப எனக்கு மனம் வராது. காயிலின் காலிலேயே ஒரு 1என்4007 டயோடு போடுங்கள். வெள்ளைக் கோடு உள்ள முனை பிளஸ் பக்கம். மாற்றிப் போட்டால் ஆன் செய்த கணமே ஷார்ட்: ரிலே என்றால் காண்டாக்ட் ஒட்டும், டிரான்சிஸ்டர் என்றால் டிரிப் ஆகும் அல்லது புகையும். ஏசி காயிலில் டயோடு போடவே கூடாது. அங்கே வேரிஸ்டர் அல்லது ஆர்சி ஸ்னப்பர் (இரண்டும் வோல்டேஜ் எகிறுவதை அடக்கும் பாகங்கள்).

டயோடுக்கும் ஒரு விலை உண்டு. வால்வு மூடுவது சற்றே தாமதமாகும். எடை போட்டு நிரப்பும் மெஷினில் அந்த சில மில்லி செகண்டில் கூடுதலாக நாலு தானியம் விழுந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் டயோடோடு ஒரு ஜீனர் (குறித்த வோல்டேஜைத் தாண்டினால் எதிர்த்திசையிலும் கரண்ட் விடும் டயோடு) சேர்ந்த சப்ரசர் வாங்கிப் போடலாம்.

டிரான்சிஸ்டர் வேகமானது, அதனால் வாங்கினேன் என்பார்கள் சிலர். ரிலே 10 மில்லி செகண்ட் எடுத்தாலும், வால்வும் சிலிண்டரும் அதைவிட நிதானமாகத்தான் நகரும். பிடபிள்யூஎம் (படுவேகமாக ஆன்-ஆஃப் செய்து சராசரிக் கரண்டைக் கட்டுப்படுத்துவது) கொடுத்து ஓட்டும் புரொப்போர்ஷனல் வால்வு (வேண்டிய அளவுக்கு மட்டும் திறக்கும் வால்வு) என்றால் மட்டும் வேறு வழியில்லை, டிரான்சிஸ்டர்தான்.

ரிலேக்கும் இடம் இருக்கிறது. 230 வோல்ட் ஏசி காயில், மணிக்கு நாலைந்து தடவை திறக்கும் தண்ணீர் வால்வு, இதற்கெல்லாம் ரிலேயே சுகம். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வரும் 30 வாட் டிசி காயில் 1.25 ஆம்ப் இழுக்கும்; 0.5 ஆம்ப் டிரான்சிஸ்டரில் நேராக மாட்டாதீர்கள். நடுவில் சாக்கெட்டோடு ஒரு இன்டர்பேஸ் ரிலே வையுங்கள். போனாலும் பிடுங்கி மாற்ற ஒரு நிமிடம். பிஎல்சி கார்டைத் தொட வேண்டாம்.

வயரிங்கில் ஒன்று. என்பிஎன் அவுட்புட்டில் (மைனஸ் பக்கத்தை ஸ்விட்ச் செய்யும் டிரான்சிஸ்டர்) காயிலுக்குப் பிளஸ் எப்போதும் போய்க்கொண்டே இருக்கும். மைனஸை எர்த் செய்த பேனலில், காயிலிலிருந்து பிஎல்சிக்கு வரும் வயர் தோலுரிந்து மெஷின் பாடியில் பட்டால், பிஎல்சி சும்மா இருக்கும்போதே வால்வு அடித்துவிடும். பிஎன்பியில் (பிளஸ் பக்கத்தை ஸ்விட்ச் செய்வது) அதே வயர் பட்டால் ஷார்ட் ஆகும், அவ்வளவுதான். சிலிண்டர் முன்னே கை வைக்கும் மெஷினுக்கு நான் பிஎன்பிதான் கேட்பேன். எமர்ஜென்சி ஸ்விட்சை அழுத்தினால் வால்வு சப்ளையே துண்டாக வேண்டும். ரிலே ஒட்டிக்கொள்ளும் என்று பார்த்தோம்; டிரான்சிஸ்டரும் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட்டாகத்தான் கெடும்.

அந்த மசாலா மெஷினுக்கு முதலில் ஒரு குறுக்கு வழி தோன்றியது: பிஎல்சி ரிலேயை வைத்து வெளியே ஒரு மாஸ்பெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) மாட்யூலை ஓட்டலாம், காண்டாக்டில் லோடே இருக்காதே என்று. 1 கோடியை 48,000-ஆல் வகுத்துப் பார்த்தேன். 208 நாள். அப்புறம் 8 பாயிண்ட் டிரான்சிஸ்டர் எக்ஸ்பான்ஷன் கார்டு ஒன்று வாங்கி, வெட்டும் வால்வையும் சீல் வால்வையும் மட்டும் அதற்கு மாற்றினேன். மற்றதெல்லாம் பழைய ரிலேயிலேயே ஓடுகிறது.